சாத்திய யன்னல்

தொண்ணூறுகளின் நடுவில், நாடுவிட்டு வந்த புதிதில், சான்ட்ரிங்ஹாமில் ஒரு வீட்டின் பின்பகுதியில் தனியாக வாடகைக்கு இருந்தேன். மனைவியும் மகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். ஒரு குளிர்கால மாலை வேலை முடிந்து வந்தபோது, வெளியே கொடியில் காயப்போட்ட கம்பளிப் போர்வையைக் காணவில்லை. சமையலறை யன்னல் திறந்து கிடந்தது. அதற்குள்ளே மேசையிலிருந்த ரேடியோவும் போய்விட்டது.

மறுநாள் ஒரு பெண் பொலிஸ்காரர் வந்தார். நான் குடிவந்த பிறகு அந்த வீட்டுக் கதிரையில் உட்கார்ந்த முதல் விருந்தாளி அவர்தான். தேநீர் கொடுத்தேன்.

“யன்னல் சாத்தியிருந்ததா?” என்று கேட்டார்.

“சாத்தியிருந்தது. கொளுக்கி போடவில்லை.”

போர்வையை எடுத்தது வெறும் திருட்டு, அதன் பெறுமதிக்குச் சின்னக் குற்றம் என்றார். ஆனால் சாத்திய யன்னலைத் திறந்து கையை உள்ளே விட்டால், எடுத்தது ஓட்டை ரேடியோ என்றாலும் வீடுடைப்பு. பத்து வருடம் வரை சிறை உண்டு. கொடியடியில் நின்றே அந்த யன்னலை எட்டித் தொடலாம். அவர் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று, புரிந்ததையே திரும்பவும் கேட்டேன்.

ஆள் பிடிபட்டார். ரயில் பாதையோரக் கொட்டகையில் என் போர்வைக்குள் படுத்திருந்தாராம். குற்றத்தை மறுத்ததால் என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள்.

நியூ லின் கடையில் என்னோடு வேலைசெய்த மதுரைக்காரர், “ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க சார். கேஸ் சின்னதாயிடும், உங்களுக்கும் அலைச்சல் இல்ல,” என்றார்.

“சாத்தித்தானே கிடந்தது. எப்பிடி மாத்திச் சொல்லுறது?”

வழக்கு நாளன்று நான் நீதிமன்றத்துக்குப் போனபோது, பிடிபட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். நான் சாட்சி சொல்லத் தேவையில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். லீவு எடுத்தாயிற்று, வீட்டில் யாரும் இல்லை. பார்வையாளர் பகுதியில் பின்வரிசை வாங்கில் போய் உட்கார்ந்தேன். அங்கே வேறு ஒருவரும் இருக்கவில்லை.

அவருடைய வழக்கறிஞர் என்னிடம் வந்து, “அவருக்காக வந்தீர்களா? குடும்பமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்லை. அவர் களவெடுத்தது என் வீட்டில்தான்.”

வழக்கறிஞர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

சில மாதச் சிறை என்று தீர்ப்பானது. அவருக்கு நரைத்த தாடி, என் வயதுதான் இருக்கும். கொண்டுபோகும்போது பின்வரிசை வாங்கைப் பார்த்தார். என்னை யாரென்று நினைத்தாரோ, தலையசைத்தார். நானும் அசைத்தேன்.