நல்லாருக்கேன் என்று சொன்ன காலை

டெங்கு பரவிய மழைக்காலத்தில் எனக்கும் காய்ச்சல் வந்தது. மருத்துவமனையில் புதிய மருந்து ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் சேரச் சம்மதித்து, மாத்திரைகளோடு சமயநல்லூர் வீட்டுக்குத் திரும்பினேன். ஆய்வைக் கவனிக்கும் நர்ஸ் தினமும் காலையில் போன் செய்து விசாரிப்பார்.

காய்ச்சல் விட்ட அன்று உடம்பு மழை ஓய்ந்த தெருவைப் போலக் குளிர்ந்து கிடந்தது. ஆனால் வயிறு விடாமல் வலித்தது. குடித்த கஞ்சியெல்லாம் வாந்தியாக வந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

"எப்படிண்ணே இருக்கீங்க?"

"நல்லாருக்கேம்மா."

யார் கேட்டாலும் அப்படிச் சொல்லித்தானே பழக்கம்.

மனைவி போனைப் பிடுங்கினாள். "நம்பாதீங்க சிஸ்டர்! விடிஞ்சதுல இருந்து வாந்தி. எமன் வந்து விசாரிச்சாலும் நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாரு இந்த மனுசன்!"

"உடனே கூட்டிட்டு வாங்கக்கா."

போய்ச் சேர்ந்தபோது ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து, தாமதித்திருந்தால் பிழைப்பதே கடினம் என்றார் மருத்துவர்.

தேறிய பிறகு நர்ஸ் சொன்னார்: "நீங்க நல்லாருக்கேன்னு சொன்னா, மருந்து ஒத்துக்கிருச்சுன்னு எழுதிருவோம்ணே. அதை நம்பி நாளைக்கு எம்புட்டுப் பேரு முழுங்குவாங்க?"



இப்போதெல்லாம் மருத்துவமனையிலிருந்து யார் நலம் கேட்டாலும், வலிக்கிற இடத்திலிருந்துதான் பதிலை ஆரம்பிக்கிறேன்.