எங்க மிளகு மட்டும் காரம் கம்மிங்களா?

கொல்லிமலையில் மிளகு சுத்தம் செய்யும் கூடம் ஒன்றில் நான் இயந்திரப் பொறியாளர். அங்கே வேலை செய்யும் பெண்களுக்காக முதலாளியிடம் மூன்று கோரிக்கைகள் வைத்தேன்: கழிப்பறை, முகக்கவசம், ஆண்களுக்குச் சமமான கூலி. முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினார். மூன்றாவதற்கு, "கீழயிருந்து வர்ற பொம்பளைங்களுக்குக் குடுத்தர்லாம். மலைக்காரங்களுக்கு என்ன கண்ணு செலவு?" என்றார். கிடைத்தவரை போதும் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் நானே அதை அறிவித்தேன். ஒரே மேசையில் மிளகு பொறுக்கிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் கைதட்டினார்கள். மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுச் செல்லம்மா எழுந்து வந்து தன் முறத்தை என் முன்னால் கவிழ்த்தார்.

"ஏனுங்க மேடம், எங்க கை பட்ட மிளகு மட்டும் காரம் கம்மிங்களா?"

"இப்போதைக்கு இவ்வளவுதான் முடிஞ்சதுக்கா. அடுத்து உங்களுக்கும் கேக்கறேன்."

"உங்க சம்பளத்துல பாதியப் புடிச்சுக்கிட்டு, அப்பறம் பாக்கலாம்னா சும்மா இருப்பீங்களா?"



அன்று மாலைப் பேருந்தில் செல்லம்மாவின் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது. நான் நெருங்கியதும், "ஆள் வருதுங்க" என்று தன் சாப்பாட்டுத் தூக்குப்போசியை அதில் வைத்தார். கடைசிவரை யாரும் வரவில்லை. நான் நின்றுகொண்டே போனேன்.

பெண்களுக்காகப் பேசியவள் என்று யாராவது என்னைப் பாராட்டினால், இன்றும் அந்த இருக்கைதான் நினைவுக்கு வருகிறது.