கியர் பாக்ஸுக்குக் கிளாண்டு கயிறு

“...சொட்டுனாத்தான் தம்பி நல்லது. சொட்டாம நின்னுச்சுன்னாத்தான் என்னமோ ஏதோன்னு பாக்கணும்,” என்றார் கருப்பையா. திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டு வாசலில் நின்ற காரின் பம்பருக்கு அடியில் தலையை விட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கியர் ஆயில் சொட்டவில்லை. ஒழுகிக்கொண்டிருந்தது.

என்னைக் கூப்பிட்டது அவர் மருமகள் மலர். வீட்டுக்கே போய் வண்டி பார்ப்பதுதான் என் தொழில்; மொபெட்டின் முன்னால் டூல்ஸ் பெட்டி, பின்னால் ஜாக். போனில் மலர் சொன்னது இது: “அண்ணே, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சுத் திருப்புனா தாயக்கட்ட உருட்டுற மாதிரி சத்தம் வருது.” இதே சத்தத்தை விராலிமலைக்காரர் ஒருவர் ‘வறுகடலை மெல்லுது’ என்றார். திருவரங்குளத்தில் ஒரு டீச்சர் ‘எவனோ சொடக்கு எடுக்குறான்’ என்றார். எல்லாம் ஒன்றுதான், கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுற்றுகிற ஆக்ஸிலின் ஜாயிண்ட் போய்விட்டது. ஆளைப் பேசவிட்டுக் கேட்டாலே பாதி வண்டி பார்த்த மாதிரி.

மலருக்கு அவசரம் இருந்தது. அவர் கணவர் சரவணன் மறுநாள் காலை குவைத்திலிருந்து திருச்சியில் இறங்குகிறார். அவர் அங்கே இருந்த காலத்தில் மலர் கார் ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டார். கணவருக்கு அது தெரியாது.

“பூவோட போயி நிக்கிறதெல்லாம் எல்லாரும் செய்யிறதுண்ணே. நான் சாவியோட போயி நிக்கணும். அவுக மூஞ்சியப் பாக்கணும்.”

“பாத்துருவோம்மா,” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, இவ்வளவு ஒழுகும் என்று நினைக்கவில்லை. ஆயில் இல்லாமல் ஓட்டினால் கியர் பாக்ஸ் முழுதும் போய்விடும். ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிப்போகவும் வழியில்லை. நான் சொன்னபடி இரண்டு பக்கத்துக்கும் ஆக்ஸிலும், அதைச் சுற்றி ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீலும் மலர் வாங்கி வைத்திருந்தார். வாசலிலேயே ஆரம்பித்தோம்.

முதல் வேலை, சக்கரத்தின் நடுவில் ஆக்ஸிலைப் பிடித்திருக்கிற ஹப் நட். இளம் பிள்ளைகள் பலர் வண்டியைத் தூக்கிவிட்டு அப்புறம் இதைத் திருகப் பார்ப்பார்கள்; சக்கரம்தான் கூடவே சுற்றும். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நட்டை இளக்கிவிட வேண்டும். மலர் உள்ளே ஏறி மிதித்தார். நான் நட்டில் மாட்டிய ஸ்பேனர் பாரின் மேல் ஏறி நின்றே விட்டேன். அசையவில்லை.

“பிரேக்க விட்டுராதம்மா!”

“விட்டா என்னண்ணே, கோகர்ணேஸ்வரர் கோயில் வரைக்கும் பறந்துருவீங்களா?”

கருப்பையா கொல்லைப்பக்கம் போய் ஒரு ஜி.ஐ. பைப்போடு வந்தார். “எங்க கிணத்து மோட்டாருப் பைப்பு. இத மாட்டி மிதிய்யா.” பாரில் பைப்பைச் செருகி நீளமாக்கி மிதித்தேன். ‘டக்’கென்று இளகியது. “பாத்தியா, மோட்டார்க்காரன் வீட்டுல வேல பாத்தா எல்லாம் நடக்கும்,” என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஜாக் போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டாண்டும் கொடுத்தேன். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள். இருக்கிற ஆயிலை வடித்துவிட்டு, பால் ஜாயிண்ட்டைக் கழற்றி, உள்பக்கம் லீவர் கொடுத்து நெம்பினேன். ஆக்ஸில் வெளியே வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. கறுப்பாக, கிரீஸ் அப்பி, எலி வால் மாதிரி நீளமாக.

பிடித்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது.

“என்னண்ணே அது?” என்று மலர் குனிந்தார்.

எனக்குத் தெரியும். கிணற்று மோட்டாரில் சாஃப்ட்டைச் சுற்றித் திணிக்கிற கிளாண்டு கயிறு. காரில் அதற்கு வேலையே இல்லை. கருப்பையாவைப் பார்த்தேன். அவர் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா! வண்டிக்கு அடியில போனீங்களா?”

“லேசாக் கசிஞ்சுச்சு ஆத்தா. ஒரு ஸ்குரு டிரைவர வச்சு சுத்திக் குத்தி விட்டேன். மோட்டாருக்கு நாந்தானே போடுவேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீ சரவணங்கிட்ட சொல்லுவ. அவன் ‘டாக்சி புடிச்சு நானே வாரேன், வண்டிய எடுக்காதீங்க’ம்பான். நீ இம்புட்டுப் பாடுபட்டு ஓட்டப் பழகுனது என்னத்துக்கு?”

மலர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீரும் வந்தது.

ஸ்குரு டிரைவர் குத்தியதில் சீலின் ரப்பர் உதடு கிழிந்திருந்தது. கசிவு ஒழுகலானது அதனால்தான். மோட்டாரில் கிளாண்டு வழியாகத் தண்ணீர் சொட்டினால்தான் சாஃப்ட் சூடாகாது. அவர் சொன்னது அதற்கு நூற்றுக்கு நூறு சரி. “ஆனா மோட்டாருக்குக் கிணறே இருக்குங்கய்யா. இதுக்குள்ள ஊத்துன ஆயில் மட்டுந்தான். சீலுக்கு வெளிப்பக்கம் காஞ்சு கெடக்கணும்,” என்றேன்.

யோசித்தார். “அப்ப இது கெணறு இல்லாத மோட்டாருன்னு சொல்லு.”

இருபது தடவை விளக்கியிருந்தாலும் எனக்கு இப்படிச் சொல்ல வந்திருக்காது.

புது சீலை ஒரு பக்கம் சாயாமல் நேராக இறக்க வேண்டும். அந்த அளவுக்குப் பெரிய சாக்கெட் என்னிடம் இல்லை. கருப்பையா மறுபடி கொல்லைக்குப் போனார். பைப்புகளை இணைக்கிற பி.வி.சி. கப்ளிங் ஒன்றைக் கொண்டுவந்து சீலின் மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

“நான் தட்டவாப்பா?”

மலர் என்னைப் பார்த்தார். நான் சுத்தியலைக் கருப்பையா கையில் கொடுத்தேன். கீழே உட்கார்ந்து, இங்கிட்டு ஒரு தட்டு அங்கிட்டு ஒரு தட்டு என்று சுற்றிச் சுற்றி, பிள்ளைக்குக் காது குத்துகிற பதத்தில் தட்டினார். சத்தம் மாறியதும் தானாகவே நிறுத்தினார். சீல் சமமாக உட்கார்ந்திருந்தது.

சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஆக்ஸில் முனைப் பல் அதில் உரசாமல் புது ஆக்ஸிலை ஏற்றினேன். அது கிளிப் விழுந்து பூட்டிய பிறகுதான் அடுத்த பக்கத்தை உருவினேன். சில வண்டிகளில் இரண்டையும் ஒன்றாக உருவினால் உள்ளே பல்சக்கரம் இடம் மாறிவிடும். அப்புறம் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். கடைசியாகப் புது ஆயிலை, ஊற்றுகிற ஓட்டையிலேயே திரும்ப வழிகிறவரை ஊற்றி மூடினேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வீட்டு வண்டிக்குள் கயிறு, சோப்பு, சூயிங்கம் என்று என்னென்னவோ கிடைக்கும். பார்த்ததும் சிரிக்காதீர்கள். எதற்காக வைத்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரோ ஒருவர் நல்லது நடக்கட்டும் என்றுதான் வைத்திருப்பார்.

மலர் வண்டியை எடுத்து, தெருமுனைப் பொட்டலில் முழுசாக ஒடித்து வட்டம் போட்டார். தாயக்கட்டை ஓய்ந்திருந்தது. திரும்பி வந்து நிறுத்தியபோது சரவணன் போனில் வந்தார். கருப்பையாதான் எடுத்தார்.

“அப்பா, காலைல நம்ம வண்டிக்கு டிரைவர் சொல்லியாச்சா?”

“டிரைவரெல்லாம் ரெடிப்பா. நல்ல டிரைவரு. நீ எறங்கி வா,” என்று போனை வைத்தார். பிறகு காரின் முன்கதவைத் திறந்து, மலருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைத் தேடிப்பிடித்து இழுத்து மாட்டிக்கொண்டார்.