லோரியில் ஓடும் கொரியா

ஸ்பேர் டயர்மேல் கோணியை மடித்துப் போட்டு உட்கார்ந்ததும் ரஞ்சிதம் முகத்துத் துண்டைக் கழுத்துக்கு இறக்குவாள். கதை தொடங்கப்போகிறது என்று அர்த்தம். லைன் வீட்டிலிருந்து மலை உச்சித் தேயிலைக் காட்டுக்கு லோரி ஏற இருபது நிமிஷம். முந்தின நாள் விளக்கு வைத்த கையோடு அவள் பார்த்த கொரிய நாடகம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் இந்த இருபது நிமிஷத்துக்குள் மடித்து வைத்த புடவைபோல அடங்கிவிடும்.

கேட்கிறவர்கள் ஒன்பது பெண்கள். டிரைவர் மாடசாமியைச் சேர்த்தால் பத்துப் பேர். முதுகுக்குப் பின்னாலிருக்கும் சின்னக் கண்ணாடியைத் திறந்து விட்டுத்தான் அவர் வண்டியை எடுப்பார். கதாநாயகி மயங்கி விழுகிற நாளில் லோரியும் ஒவ்வொரு வளைவிலும் மயங்கி மயங்கித்தான் ஏறும். கேட்டால் ரோட்டில் பனி என்பார்.

ரஞ்சிதத்தின் கொரியாவில் கம்பெனி முதலாளி கிடையாது, பெரிய துரைதான். கோப்பு தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறவன் கிராணி. கறுப்புக் கோட்டு அடியாட்கள் மொத்தமும் கங்காணிகள். "பெரிய தொர நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாயுறாரு. கிராணி அழுவுறான், கங்காணி நாலு பேரும் கை கட்டி நிக்கிறானுங்க. ஒருத்தனுக்காச்சும் ஆம்புலன்ஸக் கூப்புடத் தோணிச்சா பாரு லா!" துரை பிழைத்தாரா என்று தெரியாமல் அன்றைக்கு யாரும் லோரியைவிட்டு இறங்கமாட்டார்கள்.

நடிகர்களின் பெயர்கள் அவள் நாக்கில் நிற்காது. அதனால் அவளே ஆளுக்கொரு பெயர் சூட்டியிருக்கிறாள். இடது கண்ணில் மட்டும் நீர் வரவழைக்கிறவன் ஒத்தக்கண்ணு. அவன்தான் அவளுக்கு ராஜா. "ரெண்டு கண்ணாலயும் எவனும் அழுவான். ஒண்ண அடக்கி வச்சிக்கிட்டு ஒண்ணால அழுவுறான் பாரு, அவனுக்குத்தான் உள்ள ஏதோ இருக்கு." ஊரே போஸ்டர் ஒட்டிக் கும்பிடுகிற இன்னொருவன் அவளுக்கு வெறும் சிமெண்டு. "புதுசா பூசுன செவுரு மாதிரி மூஞ்சி. அழகுதான், இல்லேங்கல. ஆனா ஒரு ஆணி அடிச்சி படம் மாட்ட முடியாது அதுல." பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சிமெண்டின் முகம் போட்ட காலுறை விற்கிறார்கள். இரண்டு ஜோடி வாங்கி வந்து பூட்ஸுக்குள் போட்டு மிதிக்கிறாள்.

பத்து மணித் தேநீரின்போது வாய் நாடகத்தை அலசும், கை யாருடைய கிழிந்த கையுறையையாவது தைத்துக்கொண்டிருக்கும். "அவ்ளோ பணம் இருக்கு, மீ நூடுல்ஸப் பானை மூடியில வச்சி ஊதி ஊதித் தின்னுதுங்க. வூட்ல ஊத்திக் குடிக்க ஒரு மங்கு இருக்காதா?" இப்படிப் பேசிக்கொண்டே கட்டைவிரலை ஒட்டவைத்து நூலைப் பல்லால் கடிப்பாள். கொழுந்து வெட்டுகிற கத்தரியைப் பிடிக்கிற கையில் முதலில் தேய்வது கட்டைவிரல்தான்.

ரஞ்சிதத்திடம் ஒரு ரகசியம் உண்டு. நாடகத்தின் கீழே ஓடுகிற மலாய் எழுத்தை அவளால் படிக்க முடியாது. பேசுவதென்றால் மலாயில், வேலை வாங்குகிற மண்டோரையே மடக்குவாள். பள்ளிக்கூடம் மூன்று வருஷம்தான். தமிழ் எழுத்துகள் நின்று பேசும். இந்த எழுத்துகளோ திரையின் அடியில் எலிபோல ஓடிவிடும். அதனால் முகங்களைப் பார்த்தே கதையைக் கண்டுபிடிக்கிறாள். வாய் திறக்காமல் எவன் தனக்குப் புரிகிறானோ அவனே நடிகன். பதினொரு நாடகத்தை இப்படியே லோரியில் கரையேற்றியிருக்கிறாள். ஒருவருக்கும் தெரியாது.

பன்னிரண்டாவது, சலவைக்கடை நாடகம். ஒத்தக்கண்ணு தினமும் ஒரே சட்டையை வெளுக்கக் கொண்டுவருகிறான், கடைக்காரி அவன் போன திசையைப் பார்த்து நிற்கிறாள். சின்ன வயதில் தொலைந்துபோன தம்பி, அடையாளம் கண்டுகொண்ட அக்கா என்று ரஞ்சிதம் எட்டு நாளாகச் சொல்லிவந்தாள். லோரியே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் புவனேஸ் குறுக்கே விழுந்தாள். கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்தில் இருந்துவிட்டுப் போன மாதம் இங்கே சேர்ந்தவள். அவளும் அதே நாடகத்தைப் போனில் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

"அக்கா இல்லக்கா அது. அவனப் பெத்த அம்மா. மொத நாளே எழுத்துல போட்டாங்களே."

"அம்மாவா? அந்த வழவழத் தோலுக்கா?" என்றாள் வேலாயி. லோரியிலேயே மூத்தவள், வாயும் மூத்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், "ஏன் ரஞ்சிதம், கீழதான் எழுத்து ஓடுதே. நீ படிக்கறதில்லியா?" என்று கேட்டாள்.

சும்மா கேட்டதுதான். ரஞ்சிதம் கழுத்துத் துண்டை எடுத்து மூக்குக்கு மேலே கட்டிக்கொண்டாள். தோட்டத்துத் துரைக்கு முன்னால்கூட அவள் முகம் அப்படிச் சிறுத்ததில்லை.

மறுநாள் டயர் காலியாக இருந்தது. ரஞ்சிதம் கடைசியில், பலகைக் கதவோரம், கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தாள். கதை சொல்லச் சொல்லிப் புவனேஸை நெருக்கினார்கள். அவள் சரியான பெயர், சரியான உறவு, சரியான ஊர் எல்லாம் சொன்னாள். நாலு நிமிஷத்தில் கதை முடிந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்று கண்ணாடி வழியாக மாடசாமி கேட்டார்.

"அவ்ளோதான் அண்ணே."

அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் லோரி ஏழு நிமிஷம் முன்னதாகவே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. ரோட்டில் பனி என்னவோ எப்போதும்போல்தான் இருந்தது. தேநீர் நேரத்தில் ரஞ்சிதம் தனியாக உட்கார்ந்து தைத்தாள். அந்த அம்மா பேச்சுக்கு முந்தின நாள் புவனேஸ் தைக்கக் கொடுத்த வலது கையுறை ரஞ்சிதத்தின் பையில்தான் கிடந்தது. கேட்கப் புவனேஸுக்கு வாய் வரவில்லை. வலது கையை வெறுமனே வைத்துக்கொண்டே கத்தரி பிடித்தாள்.

நாலாம் நாள் காலை லோரி முதல் வளைவைத் தாண்டியதும் புவனேஸ் எழுந்தாள். கம்பியைப் பிடித்துத் தள்ளாடிப்போய்ப் பலகைக் கதவோரம் உட்கார்ந்தாள்.

"அக்கா, நேத்து பாத்தீங்களா?"

துண்டுக்கு மேலே கண் ஒரு தடவை அசைந்தது.

"சட்டைய வெளுத்து, தேச்சி, மடிச்சி வச்சிட்டாங்க. அவன் வந்து கைய நீட்டுறான். அந்தம்மா அதத் தூக்கி மறுபடியும் தண்ணியில போட்டுட்டாங்க. ஏன்க்கா? நாலு தடவ பின்னால தள்ளித் தள்ளிப் பாத்துட்டேன். கீழ ஒரு எழுத்தும் வரல. யாரும் ஒண்ணும் பேசல."

லோரி மெதுவானது. பின்கண்ணாடியில் மாடசாமியின் காது தெரிந்தது.

ரஞ்சிதம் துண்டைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"அவ மூஞ்சியப் பாக்கலியா நீ? சட்டையக் குடுத்துட்டா அவன் எதுக்குடி நாளைக்கு வரப்போறான்?"

"அட பாவி மவளே," என்றாள் வேலாயி, தனக்குள் சொல்வதுபோல. அப்புறம் சத்தமாக, "ஏய், டயர் சும்மாதான கெடக்கு. வந்து ஒழுங்கா மொதல்லேருந்து சொல்லு. அவன் எந்தக் கண்ணால அழுதான்?"

"அம்மான்னு தெரிஞ்சப்புறம் ரெண்டு கண்ணுலயும் வருது லா," என்றாள் ரஞ்சிதம். நடந்து போய் டயரில் உட்கார்ந்தாள்.

உச்சியில் இறங்கும்போது அவள் பை திறந்திருந்தது. கட்டைவிரல் தைத்து முடித்து, நூலும் வெட்டப்பட்ட கையுறை மேலாகவே கிடந்தது. புவனேஸ் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

ரஞ்சிதம் அதை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். "இன்னும் ஒரு தையல் இருக்கு, நாளைக்கு வாங்கிக்க," என்று திரும்பவும் பையின் அடியில் திணித்து, தன் வலது கைக் கையுறையைக் கழற்றிப் புவனேஸின் கையில் வைத்துவிட்டுக் காட்டுக்குள் நடந்தாள்.