காவேரி படித்துக் காட்டிய பாடம்

சென்ற ஆண்டு நவம்பர் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கும் நான், வெள்ளிமலைப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க அன்றுதான் முதன்முதலாகச் சென்றிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்புக் காவேரியின் அம்மா என்னை வீட்டுக்கு அழைத்தார். ஊரில் பாதிப் பேர் காப்பிக்கொட்டை பறிக்கக் குடகுக்குப் போயிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர், மகளின் படிப்புக்காகவே போகாமல் தங்கியிருந்தார்.

"சாயந்தரமானா எங்க வூட்டு ரேடியோ இதுதான் டீச்சர். நீங்களே கேளுங்க."

காவேரி ஒரு பாடத்தைத் தடங்கலின்றிப் படித்தாள். ஆனால் அவள் கண்கள் வரிகளில் நகரவில்லை. யாரோ வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள் என்று புரிந்தது. அதைப் பற்றிப் பிறகு அவளிடம் தனியே பேசியிருக்கலாம். நானோ அடுத்த பக்கத்தைத் திருப்பி, "இதைப் படி" என்றேன்.

முதல் சொல்லையே அவளால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியவில்லை.

"இன்னாடி, இத்தினி நாளா ஏமாத்திக்கினு இருந்தியா?"

"நீ ஆசையா கேட்டுக்கினு இருந்தியேம்மா..."

"அக்கா, நான் கத்துக்குடுக்கறேன்" என்றேன்.

"போதும் டீச்சர். நாளைக்கு ஒம்போது மணி ஜீப்புல எங்கூட குடகு வேலைக்கு வரட்டும்."

அம்மா கேட்பதற்காகவே ஒரு பாடத்தை முழுவதுமாக மனத்தில் ஏற்றிய பெண் அவள். அந்த ஆர்வத்திலிருந்து நான் தொடங்கியிருந்தால் வாசிக்கக் கற்றிருப்பாள். எனக்குப் பிழை மட்டுமே கண்ணில் பட்டது.

அன்றிரவே கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிவிட்டேன். விடிந்ததும் முதல் பேருந்தில் மலையேறி, மன்னிப்புக் கேட்டு, அவர்களைத் தடுக்க நேரம் இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து, வருகைப்பதிவில் என் பெயருக்குக் குரல் கொடுத்தேன்.