ஏழு ஆட்டம் ஆடியவனும் ஆடாதவனும்

மாரோ ஃபால்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் இரண்டு கோல்கீப்பர்கள் என்று வெளியூர்க்காரன் யாராவது சொன்னால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு கோல்கீப்பரும், ஓரெஸ்ட்டும் என்பார்கள்.

கோல்கீப்பர் என்றால் லூசியன் டெரியோ. இருபத்திரண்டு வயதில் பெரிய லீக்கில் ஏழு ஆட்டம் ஆடிவிட்டு வந்தவன். ஏழே ஏழுதான். அதில் ஐந்து தோல்வி, ஆட்டத்துக்கு ஐந்து கோல் கணக்கில் விட்டிருந்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காகித ஆலையும் ஆறும் ஒரு பனி மைதானமும் மட்டுமே உள்ள ஊரில், டிவியில் முகம் வந்த ஒரே மனிதன் அவன். அவனுடைய டயர் கடைச் சுவரில் அந்த ஏழு ஆட்டத்துக்கும் ஏழு புகைப்படங்கள் சட்டம் போட்டுத் தொங்கின.

ஓரெஸ்ட் ஹ்ரிட்சாக், நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். லூசியனைவிட நான்கு மாதம் மூத்தவன். இருவரும் பதினெட்டு வருடம் ஒரே அணியில், ஒரே வலைக்காக நின்றார்கள். ஆட்டத்துக்கு எத்தனை கோல் விட்டார்கள் என்று பார்த்தால் ஓரெஸ்ட்டுக்கு மூன்றுக்கும் குறைவு, லூசியனுக்கு மூன்றரை. ஆனால் பலமான அணி வந்தால் லூசியன் நிற்பான். சோப்ளாங்கி அணி வந்தால் ஓரெஸ்ட்டை நிறுத்துவார்கள். அப்புறம், "சோப்ளாங்கிங்ககிட்ட ஆடினா யாருக்குத்தான் கோல் கம்மியா விழாது?" என்று அவர்களே கேட்பார்கள். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஓரெஸ்ட்டுக்கு வழியே இருக்கவில்லை.

வலையில் நிற்காத கோல்கீப்பருக்கு பெஞ்சில் ஒரு வேலை உண்டு. ஆட்டக்காரர்கள் மாறி மாறி இறங்கும்போது பெஞ்சின் கதவைத் திறந்து மூட வேண்டும். அதை வைத்து லூசியன் அவனுக்குப் பெயரே வைத்துவிட்டான்.

"வாட்ச்மேன், கதவு எண்ணெய் கேக்குது பாரு," என்பான், எல்லோர் காதிலும் விழும்படி. "நம்ம வாட்ச்மேன் மாதிரி கதவு தொறக்க பெரிய லீக்குலகூட ஆள் கிடையாதுடா. நான் ஏழு ஆட்டம் பாத்திருக்கேன், சொல்றேன்."

உடைமாற்றும் அறையே குலுங்கும். ஓரெஸ்ட்டும் சிரிப்பான். பதினெட்டு வருடம் சிரித்தான். அவனுடைய மனைவி டார்லீன் மட்டும் சிரித்ததில்லை. அவள் மளிகைக் கடையில் கல்லாவில் இருப்பவள். பால் வாங்க வருகிறவனிடம்கூட, "எம் புருஷன் எத்தன கோல் விட்டிருக்கான், அவன் எத்தன விட்டிருக்கான், தெரியுமா உனக்கு?" என்று மல்லுக்கு நிற்பாள்.

இருவருக்கும் நாற்பது நடந்த அந்தக் குளிர்காலத்தில், பிப்ரவரி மாதப் பயிற்சி ஒன்றில், ஓரெஸ்ட் அதைக் கண்டுபிடித்தான்.

பையன்கள் வரிசையாக வந்து பக் எனும் ரப்பர் வட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். லூசியனின் இடது கை, அதாவது பக்கைப் பிடிக்கிற கை, ஊரே மெச்சும் கை. அந்தப் பக்கமாக மேல் மூலையில் மூன்று பக்குகள் அடுத்தடுத்துப் போயின. கை அசையவே இல்லை. தவறவிட்டவனின் கை தாமதமாகவாவது எழும். இது எழவில்லை. வலையில் பக் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் லூசியன் தலையை முழுவதுமாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்தான்.

ஓரெஸ்ட்டுக்குச் சுருக்கென்றது. பயிற்சி முடிந்ததும் காபிக் கோப்பையை வேண்டுமென்றே லூசியனின் இடப்பக்கம் பெஞ்சில் வைத்தான். லூசியன் துண்டை எடுக்கக் கை நீட்டி, கோப்பையைத் தட்டிக் கொட்டினான்.

"எவன்டா இங்க வெச்சது?"

"நான்தான். சாரி," என்றான் ஓரெஸ்ட்.

வெளியே லூசியனின் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தான். இடப்பக்கக் கண்ணாடி உடைந்து நாடா ஒட்டியிருந்தது. கதவு நெடுகக் கீறல். ஓரெஸ்ட் குளிரில் அப்படியே நின்றான். பரிதாபம் வரும் என்று அவன் எதிர்பார்த்தான். வரவில்லை. வயிற்றுக்குள் வெதுவெதுப்பாக வேறு ஏதோ பரவியது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. டார்லீனிடம்கூட.

மார்ச்சில் மாவட்ட இறுதிச்சுற்று, மொத்தம் ஏழு ஆட்டம். முதல் ஆறிலும் லூசியன் எப்படியோ சமாளித்தான். நார்த் பெண்ட் அணியோடு ஆளுக்கு மூன்று வெற்றி என்று சமமாகி, ஏழாவது ஆட்டம் மாரோ ஃபால்ஸில் என்றானது. முந்தைய நாள் கோச் கார்டன், ஓரெஸ்ட் வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கே வந்தார். அறுபது தாண்டிய மனிதர், வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"ஓரெஸ்ட், நெஜத்தச் சொல்லு. லூசியன்கிட்ட ஏதோ சரியில்ல. என்னன்னு எனக்குப் புடிபடல. நீ தெனம் அவன் பக்கத்துல நிக்கிறவன். உனக்கு எப்படிப் படுது?"

"எப்படின்னா?"

"அவன் ஆடலாமா? வேணாம்னா நாளைக்கு உன்ன நிறுத்தறேன். இப்பவே சொல்லு."

பதினெட்டு வருடமாக அவன் எதிர்பார்த்த வார்த்தை. டீசல் குழாயைப் பிடித்தபடி ஓரெஸ்ட் யோசித்தான். கண் தெரியவில்லை என்று சொன்னால் லூசியன் ஒதுங்குவான். ஊர் அழும். ஆஸ்பத்திரிக்குப் பூ அனுப்பும். கண் போனதால் விலகிய மகா கோல்கீப்பர் என்று சாகும்வரை பேசும். ஓரெஸ்ட் போய் நின்று ஜெயித்துக் கொடுத்தாலும், லூசியன் இருந்திருந்தால் இன்னும் நன்றாக ஜெயித்திருப்போம் என்பார்கள். அப்படி வேண்டாம். லூசியன் தோற்பதை ஊர் கண்ணால் பார்க்க வேண்டும். ஆயிரத்து ஐநூறு பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"நல்லாத்தான் இருக்கான் கோச்," என்றான். "கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான். பெரிய ஆட்டம்னா அவன்தானே? அவனையே நிறுத்துங்க."

கார்டன் அவன் தோளில் தட்டினார். "பெரிய மனசுடா உனக்கு."

ஏழாவது ஆட்டத்தின் முதல் பகுதியில் இரண்டு கோல் விழுந்தது. இரண்டும் இடது மேல் மூலை. நார்த் பெண்ட் பையன்கள் முட்டாள்கள் இல்லை. இடைவேளையில் தங்களுக்குள் பேசியிருக்க வேண்டும். இரண்டாவது பகுதியில் எல்லோரும் அந்தப் பக்கமே வந்தார்கள். லூசியன் தலையைத் திருப்பித் திருப்பி, கோழி மாதிரி, பக்கைத் தேடினான். வலது பக்கம் வந்ததையெல்லாம் உயிரைக் கொடுத்துத் தடுத்தான். இடது பக்கம் வந்தது வலைக்குப் போனது. ஐந்துக்கு ஒன்று.

எதிரணி ரசிகர்கள் அவன் பெயரை இழுத்து இழுத்துப் பாடத் தொடங்கினார்கள். "லூ... சி... யன்..." மூன்றாவது பகுதியில் ஆறாவது கோல் விழுந்ததும் மாரோ ஃபால்ஸ்காரர்களும் சேர்ந்து பாடினார்கள். யாரோ ஒருவன் காபிக் குவளையைப் பனிமேல் வீசினான். மூன்றாவது வரிசையில் லூசியனின் பத்தொன்பது வயது மகள் மிரேய், கோட்டின் தலைமூடியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். ஓரெஸ்ட் அதையும் பார்த்தான்.

"ஓரெஸ்ட், எறங்கு!" என்று கார்டன் கத்தினார்.

ஓரெஸ்ட் குனிந்தான். கால் கவசத்தின் வார் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தது. அதை அவிழ்த்தான்.

"வார் கழண்டுகிச்சு கோச். ஒரு நிமிஷம்."

"சீக்கிரம்டா!"

மெதுவாகக் கட்டினான். மறுபடி அவிழ்த்தான். அந்த நான்கு நிமிடத்தில் ஏழாவது விழுந்தது, எட்டாவது விழுந்தது. ஒன்பதாவது, லூசியனின் தோள்பட்டை எலும்பில் பட்டு உள்ளே உருண்டது. எலும்பு முறிந்த சத்தம் பெஞ்சு வரை கேட்டதாக ஆட்டக்காரர்கள் பிறகு சொன்னார்கள். லூசியன் முழங்காலிட்டு, ஒரு கையால் பனியைத் தடவித் தடவி, பக்கை இன்னும் தேடிக்கொண்டிருந்தான். அது அவனுக்குப் பின்னால் வலைக்குள் கிடந்தது.

அவனைத் தாங்கிக் கூட்டி வந்தார்கள். கதவைத் திறந்துவிட்டவன் ஓரெஸ்ட்தான். திறந்துவிட்டு, தான் இறங்கிப்போய் வலையில் நின்றான். மீதி ஆறு நிமிடத்தில் ஐந்து பக்குகள் வந்தன. ஐந்தையும் பிடித்தான். ஒன்றை இடது மேல் மூலையில், கையை வீசி, காற்றிலேயே கொய்தான். அதற்குள் பாதி அரங்கம் காலி.

அடுத்த ஒரு வாரம் ஓரெஸ்ட்டின் வாழ்க்கையிலேயே சிறந்த வாரம். டோனட் கடைக்குள் நுழைந்தால் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். கடைக்காரன் ஹ்யூபர்ட் காபியோடு ஆப்பிள் டோனட் ஒன்றும் சேர்த்து வைத்தான்.

"உன்ன நிறுத்தியிருக்கணும்யா. கெழட்டு கார்டனுக்கு மூளையே இல்ல. அந்த லூசியன் ஏழு ஆட்டம், ஏழு ஆட்டம்னு சொல்லிச் சொல்லியே நம்மள ஏமாத்திட்டான்."

"விடு. அவனுக்கு நேரம் சரியில்ல," என்றான் ஓரெஸ்ட், டோனட்டைக் கடித்தபடி.

டயர் கடைச் சுவரில் யாரோ வண்ணத்தில் பெரிதாக ஒன்பது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

எட்டாம் நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் மிரேயின் கடிதம் வந்தது. அவளுடைய அப்பாவின் இடது கண்ணுக்குள் ஜனவரியிலேயே ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, பார்வை போய்விட்டது, டாக்டர் ஆடக் கூடாது என்றார், ஊர் ஒரு வெற்றிக் கோப்பையைப் பார்த்துப் பதினோரு வருடமாகிறது என்று சொல்லி அவர் ஆடினார். அவ்வளவுதான் கடிதம். வசவு ஒன்றும் இல்லை.

டோனட் கடையில் அன்று காலை எவனும் எவன் முகத்தையும் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. லூசியன் நின்றபோது நார்த் பெண்ட் அடித்தது நாற்பது. உள்ளே போனது ஒன்பது. அப்படியென்றால் தடுத்தது முப்பத்தொன்று. ஒற்றைக் கண்ணோடு முப்பத்தொன்று! சாயங்காலத்துக்குள், பாடியவர்களும் குவளை வீசியவர்களும் டயர் கடை வாசலில் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு நின்றார்கள். சுவரில் எழுதியிருந்த ஒன்பதைச் சுரண்டி எடுத்தவர்களில் எழுதியவனும் இருந்திருப்பான். லூசியனுக்கு மரியாதையாக அவன் ஆடிய சட்டையை அரங்கத்தின் கூரையில் தொங்கவிட வேண்டும் என்று ஏப்ரல் மாதமே தீர்மானமாயிற்று.

ஓரெஸ்ட் டோனட் கடைக்குத் தொடர்ந்து போனான். நாற்காலியை அவனே இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒரு நாள் ஹ்யூபர்ட் குறும்பாகத்தான் சொன்னான்:

"கணக்கு இப்பத்தான் சரியா வருது. லூசியன் ஒரு கண்ணோட நின்னா, நம்ம ஓரெஸ்ட் ரெண்டு கண்ணோட நிக்கிறதுக்குச் சமம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஓரெஸ்ட் சிரிக்கவில்லை. கோப்பையை வைத்தான்.

"அவனுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்கு முன்னாடியே தெரியும்," என்றான்.

"எதுக்கு முன்னாடி?"

"ஏழாவது ஆட்டத்துக்கு முன்னாடி. பிப்ரவரிலயே தெரியும். கோச் எங்கிட்ட வந்து கேட்டாரு. ஆடலாமான்னு. நான்தான் அவனையே வலையில நிறுத்தச் சொன்னேன். நான் ஒரு வார்த்த வேற மாதிரி சொல்லியிருந்தா உங்க ஹீரோ அன்னிக்கு பெஞ்சுல கதவு தொறந்துட்டு உக்காந்திருப்பான். எல்லாம் என்னாலதான். தெரிஞ்சுக்கோங்க!"

அவன் எதை எதிர்பார்த்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஹ்யூபர்ட் கல்லாவுக்குப் பின்னாலிருந்து வந்து, பாதி காபி மிச்சமிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு போனான். "இன்னொண்ணு வேணுமா?" என்று கேட்கவில்லை.

டார்லீனுக்கு ஒரு மணி நேரத்தில் கல்லாவிலேயே சேதி போய்விட்டது. சீருடையைக்கூட மாற்றாமல் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"நெஜமா?"

"ஆமா."

"கால் கவச வாரு கழண்டதுன்னியே, அதுவும் பொய்யா?"

அவன் குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினான்.

"பதினெட்டு வருஷம் உனக்காக இந்த ஊரோட சண்ட போட்டிருக்கேன் ஓரெஸ்ட். அவன் வாயாடி, நீ மனுஷன்னு சொல்லிச் சொல்லி. என்ன எவ்வளவு பெரிய முட்டாளா ஆக்கிட்ட." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அன்றிலிருந்து வெளியூர் போய்விட்ட மகனின் அறையில் படுத்தாள். சமையல் செய்தாள், துணி துவைத்தாள், அவன் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஓரெஸ்ட் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தான். பிறகு தானாகவே டயர் கடைக்குப் போனான். அடி வாங்கத்தான் போனான் என்று சொல்லலாம். லூசியன் தோளில் கட்டோடு, இடது கண்மேல் கறுப்புத் துணியோடு, முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"வா, வாட்ச்மேன்."

"கேள்விப்பட்டிருப்ப."

"கேள்விப்பட்டேன்."

"அப்ப ஏதாவது சொல்லு. திட்டு. நாந்தான் உன்ன அங்க நிக்க வெச்சேன்."

லூசியன் அவனை ஒற்றைக் கண்ணால் பார்த்தான். முகத்தில் கோபம் தேடினான் ஓரெஸ்ட். உண்மையான ஆச்சரியம்தான் இருந்தது.

"நீயா?" என்றான் லூசியன். "டேய், நீ என்ன சொல்லியிருந்தாலும் கார்டன் என்னத்தான்டா நிறுத்தியிருப்பான். ஏழாவது ஆட்டத்துல உன்னயா நிறுத்துவான்? நீ அத நம்பினியா?" அவன் சிரித்தான். சிரித்ததில் தோள் வலித்து முகம் சுளித்தான். "உம்மேல எனக்கு என்னடா கோவம். போ, போய் வேலையப் பாரு."

ஓரெஸ்ட் வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தான்.

இலையுதிர் காலத்தில் அணி கூடியபோது கார்டன் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை எடுத்தார். ஓரெஸ்ட்டுக்கு போன் வரவில்லை. அவனும் கேட்கப் போகவில்லை. கால் கவசங்களை நிலவறையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் போட்டான். எலி தோலைக் கடித்தது. எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம் லூசியனின் சட்டையைக் கூரைக்கு ஏற்றினார்கள். டார்லீன் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனாள். நான்கு மணிக்குத் திரும்பி வந்து, பீட்ரூட் சூப்பைச் சுடவைத்து, இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். இருவரும் பாதிவரை குடித்தார்கள்.

"கூட்டமா?" என்றான்.

"நிக்க எடமில்ல."

"யாரெல்லாம் பேசினாங்க?"

"கார்டன். மேயர். அப்புறம் லூசியன்."

ஓரெஸ்ட் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்தான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான்.

"என் பேர யாராவது சொன்னாங்களா? நல்லதோ, கெட்டதோ?"

டார்லீன் ஸ்பூனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று அவள் ஒரு கணம் யோசித்தது அவனுக்குத் தெரிந்தது.

"இல்ல," என்றாள்.

அவன் தலையாட்டினான். ஜன்னலுக்கு வெளியே அந்த வருடத்தின் முதல் கனத்த பனி விழத் தொடங்கியிருந்தது. கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு பனி தள்ளும் வேலைக்குக் கிளம்பினான்.