கூரையில் கால் வைக்காத அக்கா

உயரமான இரும்பு மேடையின் சக்கரங்களைப் பூட்டிவிட்டு, அதை இடுப்பால் ஓர் இடி இடித்துப் பார்க்கிறார். அசையவில்லை. இருந்தாலும் இன்னோர் இடி. அப்புறம்தான் ஏறுகிறார். கம்பித் தடுப்பின் கதவைச் சாத்தி, இடுப்பு வாரைக் கொக்கியில் மாட்டி, நீளக் காம்பு பிரஷ்ஷை வாளியில் தோய்த்துக்கொண்டு, எதிரே இருக்கும் கேரவன் கூரையோடு பேச்சைத் தொடங்குகிறார்.

"என்ன கோலம் இது? குளிச்சு எத்தன நாளாச்சு?"

வண்டிகள் நிறுத்தும் அந்தத் திடலில் எல்லோருக்கும் அவர் பாலிஷ் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர்சுற்றப் போகும் கேரவன் என்னும் சக்கர வீடுகளை, விடுமுறைக்கு முன்னால் அவரிடம்தான் கொண்டுவந்து விடுகிறார்கள். என் அலுவலக சன்னல் முதல் மாடியில், திடலைப் பார்த்தபடி இருக்கிறது. அந்தக் கூரைகளைப் பார்க்கக் கொடுத்துவைத்தது நானும் காக்கைகளும்தான்.

"மேல யாரு பாக்கப் போறாங்கக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒழுகுறப்ப எல்லாரும் அண்ணாந்து பாப்பாங்க சார்."

தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் குழாயைக் கூரைப் பக்கம் அண்டவிடமாட்டார். கூரைச் சன்னலைச் சுற்றியுள்ள பசை பிய்ந்தால் மெத்தைவரை நனைந்துவிடும். பாசியைச் சுரண்டமாட்டார், ஈரத்துணியைப் போர்த்தி ஊறவிடுவார். "அதுவா மனசு மாறி வரும்." கழுவிய கூரை காய்ந்து, சூடும் தணிந்ததா என்று புறங்கையை வைத்துப் பார்த்த பிறகே பாலிஷ் டப்பாவைத் திறப்பார். ஒரு பக்கம் கை எட்டுமட்டும் தேய்ப்பார். பிறகு இறங்கி, மேடையை மறுபக்கம் தள்ளிக்கொண்டு போவார். கூரையில் கால் வைப்பது மட்டும் கிடையவே கிடையாது.

இந்தத் தொழில் முதலில் அவர் வீட்டுக்காரருடையது. கூடத்தில் நடப்பதுபோல் கூரையில் நடப்பாராம். "எனக்கு உள்ளங்கால்லயே கண்ணு" என்று பீற்றிக்கொள்வாராம். ஒருநாள் நுரையில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது, பாதியில் நின்ற வண்டிகளுக்காக அக்கா பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். வெல்டிங் கடையில் சொல்லி, தடுப்பு வைத்த இந்த மேடையைச் செய்து வாங்கினார். "மைக் ஒண்ணுதான் குறைச்சல்" என்று திடலே சிரித்தது. படுக்கையில் கிடந்த வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். எழுந்து நடமாட ஆரம்பித்ததும், ஒரு காலைச் சற்றே இழுத்தபடி, கீழே நின்று சோப்பு கலக்க வந்துவிட்டார். எப்படி விழுந்தீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

போன வாரம் ஒரு பெரிய வண்டி. சாயங்காலமே கிளம்ப வேண்டும் என்று அதன் சொந்தக்காரருக்குக் காலில் வெந்நீர் ஊற்றிய அவசரம். அக்கா ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மேடையை நகர்த்தும்போது, சொந்தக்காரர் வண்டியின் பின்புற ஏணியில் விறுவிறுவென்று ஏறி, ஒரு காலைக் கூரைமேல் வைத்துவிட்டார்.

"சார், கால எடுங்க!"

அக்கா போட்ட சத்தத்தில் நான் சன்னலுக்கு ஓடிவந்தேன்.

"என் வண்டி. மிச்சத்த நானே தேச்சுக்கறேன்."

"வண்டி உங்களுதுதான். முடிச்சுக் குடுக்கற வரைக்கும் கூரை என்னுது. எறங்குங்க!"

"அப்ப வேற ஆளப் பாத்துக்கறேன்."

"தாராளமாப் பாருங்க. எறங்கி வந்து பாருங்க."

அவர் முறைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வீட்டுக்காரர் வாளியைக் கீழே வைத்தார். ஏணிக்கு எதிரே வந்து, "சார், இங்க பாருங்க" என்றார். காலை இழுத்து இழுத்து, திடலில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் வேலிவரை நடந்து திரும்பினார்.

"நானும் என் கூரைன்னுதான் நெனச்சேன்."

சொந்தக்காரர் காலை எடுத்தார். இறங்கினார். அக்கா வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபக்கம் ஏறி, வழக்கத்தைவிட நிதானமாகத் தேய்த்தார்.

முடிந்தபோது மேகங்கள் கண்ணாடியாய் மின்னிய அந்தக் கூரைக்குள் நகர்ந்துகொண்டிருந்தன.

"ஏங்க, ஏறிப் பாருங்க."

"நானா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா?"

வாரை அவர் இடுப்பில் அக்காவே மாட்டிவிட்டார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் ஏறுவது அதுதான் முதல் தடவை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ம்... பரவால்ல" என்று கீழே பார்த்துச் சொன்னார். அக்கா துணிகளை அலசப் போனதும், ஒரு விரலால் கூரையைத் தொட்டார். விரல் பட்ட இடத்தில் தடம் விழுந்தது. அக்கா பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அதன்மேல் வாயால் ஊதி, சட்டை நுனியால் மெல்லத் துடைத்தார்.